எடைமேடை ஏறிய புரோட்டீன்

உழைக்கிறவன் உடம்பு தேறினால் இரும்பும் தேறும் என்கிற மகத்தான உண்மை, கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலையின் நலத்துறை அதிகாரி பூவராகவனுக்கு ஒரு திங்கட்கிழமை காலை உதித்தது. உதித்த வேகத்தில் சுற்றறிக்கையும் வந்தது: கேன்டீனில் அவித்த முட்டை நிறுத்தப்படுகிறது, மாற்றாக ஆளுக்கொரு டப்பா புரோட்டீன் மாவு வழங்கப்படும்.

கேன்டீனில் முட்டை அவிக்கிறவள் சுகிர்தா. அவள் புருஷன் ஜெயராஜ் அதே ஆலையில் உலை முன்னால் நின்று நின்று கருவாடாய்க் காய்ந்தவன். மதிய முட்டை ஒன்றுதான் அவன் உடம்பில் ஒட்டுகிறது. அவனுக்குச் சதை போடவும், அதே ஆலையில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுச் சடையப்பனுக்குத் தொப்பை கரையவும் ஒரே டப்பாதான் என்று கேட்டதும் அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒரே மாவு இவர ஏத்தி அவர எறக்குமா சார்?"

"யாரை ஏத்தணும், யாரை எறக்கணும்னு டப்பாவுக்குத் தெரியும்மா. மேலே ரெண்டு படமும் போட்டிருக்கு பாரு," என்றார் பூவராகவன்.

நர்ஸ் கல்பனாவும் சொல்லிப் பார்த்தாள். உடற்பயிற்சி செய்கிறவனுக்குச் சாப்பாட்டில் குறைகிறதை ஈடுகட்ட மாவு கொஞ்சம் உதவலாம். முட்டையும் பருப்பும் ஒழுங்காகத் தின்றாலே பெரும்பாலும் போதும். வெறும் மாவு யாரையும் ஏற்றாது, இறக்காது என்றாள். உடற்பயிற்சி சுற்றறிக்கையில் இல்லை என்று பூவராகவன் விளக்கினார். ஆனாலும் நியாயஸ்தர், ஒரு மாதம் சோதனை என்றார். எடை ஏறினால் சதை பிடித்தது, மாவுக்கு வெற்றி. இறங்கினால் தொப்பை கரைந்தது, அதுவும் வெற்றி. அசையாமல் இருந்தால் மட்டும் முட்டை திரும்பும்.

மருந்தகத்து எடை மெஷின் ரிப்பேர். புதிது வாங்க மேலிடத்து அனுமதி வேண்டும். பழைய இரும்பு லாரிகளை நிறுக்கிற எடைமேடைக்கு யார் அனுமதியும் வேண்டாம். ஆகவே முதல் ஷிப்டு ஆட்கள் அத்தனை பேரையும் கம்பெனி பஸ்ஸில் உட்காரவைத்து, பஸ்ஸோடு சேர்த்து நிறுத்தார்கள். அதற்குப் பிறகே டப்பாக்கள் கைக்கு வந்தன.

முட்டை திரும்ப வேண்டுமே என்று ஒருவரும் டப்பாவின் சீல் பிரிக்கவில்லை. சுகிர்தா தன் கனத்த உடம்போடு முழங்கால் நோக மண்டியிட்டு, மாதாவே, யார் உடம்பிலும் ஒரு பொட்டுச் சதை ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம் என்று தினமும் செபித்தாள். இப்படி ஒரு வேண்டுதல் மாதாவுக்கும் புதுசாகத்தான் இருந்திருக்கும்.

மாதம் முடிந்தது. சரிபார்ப்புக்காக அவரவர் டப்பாவோடு வரவும் என்று உத்தரவு. பஸ் மறுபடியும் மேடை ஏறியது. எடை கூடியிருந்தது. ஆபீஸ்காரர்கள் கைதட்டினார்கள்.

ஜெயராஜ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "சார், ஒருத்தனும் சீலே பிரிக்கல. அல்லார் மடிலயும் டப்பா குந்திகினுகீது. அந்த வெயிட்டுதான் சார்."

பூவராகவன் மடியிலிருந்த டப்பாக்களை எட்டிப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"தொறக்காமலே இவ்ளோ ஏத்தியிருக்குன்னா, தொறந்தா எவ்ளோ ஏத்தும்?"

 கேன்டீனில் முட்டைப் பானை நிரந்தரமாகக் கவிழ்ந்தது.

சாயங்காலம் வீட்டில் அதிகாரியின் மூளையை நினைத்து நினைத்துப் புருஷனும் பெண்டாட்டியும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் ஜெயராஜ் டப்பாவை எடுத்து உருட்டிப் பார்த்தான்.

"சும்மா ஒரு கரண்டி போட்டுப் பாக்கட்டா? அந்தாளு சொல்றதுலயும் ஒரு பாயிண்டு கீது."

"போட்டுக்கோங்க," என்றாள் சுகிர்தா. "அப்டியே எனக்கும் ஒண்ணு கலக்குங்க. நீங்க ஏறுங்க, நான் எறங்கறேன்."

அடுத்த வீட்டில் சடையப்பன் டம்ளரில் கரண்டி சுற்றுகிற சத்தம் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தது.