கிணற்றடிக் கொலையில் சாட்சி பாயின் அபிப்பிராயம்

காலை ஆறு நாற்பதுக்கு நான் அந்தக் கிணற்றடிக்குப் போய்ச் சேர்ந்தபோது முதலில் கண்ணில் பட்டது பிணம் அல்ல. ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் சாட்சி பாய் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பிணம் அவருக்குப் பின்னால், மோட்டார் கொட்டகை வாசலில் கிடந்தது. இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டிருந்தார்.

செஞ்சி வட்டாரத்தில் சாட்சி பாயின் கையெழுத்து இல்லாமல் எவரும் அகாலமாகச் செத்துவிட முடியாது என்ற நிலை பல வருஷங்கள் இருந்தது. நான் ஒரு நாளிதழுக்கு அந்த வட்டார நிருபர். ஐந்து இன்ஸ்பெக்டர்கள் மாறியதைப் பார்த்திருக்கிறேன். பாய் மாறவில்லை.

சந்தேகமான சாவு என்றால் போலீஸ் அந்த இடத்திலேயே ஒரு விசாரணை நடத்தும். அக்கம்பக்கத்தில் ஐந்து பேரைப் பஞ்சாயத்தாராக உட்கார வைத்து, பிணத்தைக் காட்டி, சாவு எப்படி நேர்ந்தது, யார் மேல் சந்தேகம் என்று அவர்கள் அபிப்பிராயத்தை எழுதிக் கையெழுத்து வாங்கும். அந்த ஐந்து பேரைப் பிடிப்பதற்குக் குற்றவாளியைப் பிடிப்பதைவிட அதிகம் ஓட வேண்டும். கையெழுத்துப் போட்டால் பிற்பாடு கோர்ட்டுக்கு அலையணும் என்று ஊரே கழனிப் பக்கம் போய்விடும். பாய் மட்டும் தானாக வருவார். ஸ்டேஷனுக்கு எதிரேதான் அவருடைய ஷாமியானா, நாற்காலி வாடகைக் கடை. ஜீப் கிளம்புகிற வேகத்தை வைத்தே கேஸ் என்னவென்று சொல்வார். நாற்காலியைத் தன் டிவிஎஸ் வண்டியில் கட்டிக்கொண்டு குறுக்கு வழியில் போய் ஜீப்புக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். அக்கம்பக்கத்தவர்தானே வர வேண்டும், நீங்கள் செஞ்சியாயிற்றே என்று ஒரு புது சப்-இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, தன் நாற்காலி போகிற ஊரெல்லாம் தன் அக்கம்பக்கம்தான் என்றார்.

வந்ததும் நாற்காலியைப் போடுவார். பிறகு பிணத்தருகே குந்தி உட்கார்ந்து, காதோடு பேசுவார்.

"இன்னா நைனா, பாய் வந்துக்கிறேன். பயப்படாத. யாரு பண்ணதுன்னு தெரிஞ்சா ஒரு சிக்னல் குடு."

பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்திருப்பார். புது கான்ஸ்டபிள்கள் இரண்டடி பின்னால் போய்விடுவார்கள்.

மற்ற நால்வரும் எழுதியதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். பாய் அபிப்பிராயம் என்று ஒன்று கேட்கிறார்களே, அதை உண்மையென்று நம்பியவர். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு அபிப்பிராயம் வைத்திருந்தார். எனக்குத் தெரிந்து ஒன்றுகூடச் சரியாக வந்ததில்லை.

சீயமங்கலம் பக்கம் ஒருவர் குடித்துவிட்டுக் கிணற்றில் விழுந்து செத்தார். கிணற்று மேட்டில் அவருடைய செருப்பு இரண்டும் ஜோடியாக, நேராக இருந்தன. பாய் உடனே கொலை என்றார். தண்ணி போட்டவன் செருப்பை இவ்வளவு அழகாக விடுவானா என்பது அவர் வாதம். இன்ஸ்பெக்டரே அசந்துபோய்ப் புகைப்படம் எடுக்கச் சொல்லிவிட்டார். மத்தியானம் செத்தவரின் மனைவி வந்து, தாறுமாறாகக் கிடந்த செருப்பைத் தான்தான் பொறுக்கி வைத்ததாகச் சொன்னாள்.

இன்னொரு தடவை ராஜகிரிக் கோட்டைப் படியில் ஒரு பிணம் கிடப்பதாகத் தகவல். பாய் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, குரங்குகளை விரட்டிக்கொண்டே பாதி மலை ஏறினார். அவர் போய்ச் சேர்ந்த நேரத்தில் பிணம் எழுந்து தண்ணீர் கேட்டது. மயக்கம்போட்ட சுற்றுலாப் பயணி. பாய் தண்ணீர் கொடுத்து, தன் நாற்காலியிலேயே உட்கார வைத்தார். கேஸ் டிஸ்மிஸ் என்று சொல்லிக்கொண்டே இறங்கி வந்தார். அவர் முகத்தில் லேசான ஏமாற்றம் தெரிந்தது.

கொலைகாரனைக் கண்டுபிடிக்க அவரிடம் ஒரு நிச்சயமான வழி இருந்தது. கொலை செய்தவனுக்கு டீ இறங்காது. ஆகவே விசாரணை நடக்கும் இடத்துக்கு டீ வரவழைத்து, யார் வேண்டாம் என்கிறார்கள் என்று கவனிப்பார். ஒரு கேஸில் எல்லோரும் குடித்துவிட்டார்கள், வயிற்றுப்புண் உள்ள ஒரு ஏட்டையாவைத் தவிர. அன்று சாயங்காலம் வரை பாய் அந்த ஏட்டையாவைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவர்தான் அன்று அந்தக் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார்.

இடம் அனந்தபுரம் சாலையில் ஒரு சிற்றூர். கொல்லப்பட்டவர் முருகேசன், வயதானவர். இரவு தண்ணீர் பாய்ச்ச வந்தவரை யாரோ பின்மண்டையில் அடித்திருந்தார்கள். அடித்த பொருள் கிடைக்கவில்லை. மூத்த மகன் ஏழுமலை தனிக்குடித்தனம். மகள் வளத்தியில் வாழ்க்கைப்பட்டவள். இளைய மகன் லாரி விபத்தில் செத்துவிட்டான். அவன் மனைவி செல்வியும் அவளுடைய சின்னப் பெண்ணும்தான் கிழவரோடு இருந்தார்கள்.

கிணற்றை ஒட்டிய நிலத்தைச் செல்வி பேருக்கு எழுதப் போவதாகக் கிழவர் சொல்லிவந்தார். எழுதப் போகிறார் என்பதால் ஏழுமலை மேல் சந்தேகம். சொல்லிச் சொல்லியும் எழுதவில்லை என்பதால் செல்வி மேல் சந்தேகம். தங்களுக்கு எழுதுகிற பேச்சே இல்லை என்பதால் வளத்தி மாப்பிள்ளை மேல் சந்தேகம். ஒரே நிலம், மூன்று சந்தேகம்.

ஆனால் நான் போன அரை மணி நேரத்துக்குள் மூன்று ஒன்றாகிவிட்டது. ஏழுமலை மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். மாப்பிள்ளை கொட்டகைச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதார். செல்வி அழவில்லை. பெண்ணைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றாள். விடிகாலையில் பிணத்தை முதலில் பார்த்தவள் அவள்தான். ஓடிப்போய் ஊருக்குச் சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் மாட்டில் பால் கறந்திருக்கிறாள்.

இந்தப் பால்தான் அன்று பெரிய தடயம்.

"மாமனார் செத்துக் கெடக்கும்போது ஏம்மா பால் கறந்த?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"கறக்கலன்னா மடி கட்டிக்கும் சார்."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. இன்ஸ்பெக்டர், விசாரணை அறிக்கை எழுதிக்கொண்டிருந்த எழுத்தரைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவள் பெயர் அந்தத் தாளில் ஏறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அன்றே ஜீப்பில் ஏற்றுவார்கள். மறுநாள் பேப்பரில் "மருமகள் கைது" என்று வரும். பெண் பெரியப்பா வீட்டுக்குப் போவாள், பின்னாலேயே நிலமும் போகும். பிறகு அவள் வெளியே வந்தாலும் வருவதற்கு வீடு இருக்காது.

பஞ்சாயத்தாரில் நால்வர் உள்ளூர்க்காரர்கள். நால்வருக்கும் ஏழுமலை ஏதோ ஒரு முறையில் சொந்தம். நால்வரும் செல்வி மேல் சந்தேகம் என்றார்கள். காரணம் கேட்டதற்கு நால்வரும், அவள் அழவில்லை என்றார்கள். டீ வந்தது. பாய் எல்லாத் தம்ளரையும் கவனித்தார். ஏழுமலை, மாப்பிள்ளை, செல்வி மூவரும் குடித்துவிட்டார்கள். மாப்பிள்ளை இரண்டாவது தம்ளர் கேட்டார். பாயின் விஞ்ஞானம் அத்துடன் முடிந்தது.

"பாய், நீங்களும் ஒத்துக்கிறீங்கல்ல?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இன்னாத்துக்கு?"

"அந்தப் பொண்ணு மேல சந்தேகம்னு."

"அழலன்னு எழுதிக்கிறீங்களா சார்?"

"ஆமா. மாமனார் சாவுக்கு அழவே இல்ல. ஊரே பார்த்திருக்கு."

பாய் எழுந்தார். விசாரணை நடுவில் அவர் நாற்காலியை விட்டு எழுந்து நான் பார்த்ததில்லை.

"எங்க வூட்டம்மா மவுத்தான அன்னிக்கு நான் அழல சார். காலையிலேர்ந்து வந்தவங்களுக்கு சேர் போட்டுக்கினு இருந்தேன். ஒருத்தர் எழுந்தா அந்த சேரைத் தொடச்சி இன்னொருத்தருக்குப் போட்டேன். தூக்குற வரைக்கும் அதான் வேலை எனக்கு. உங்க ஸ்டேஷன்லேர்ந்துகூட ரெண்டு பேரு வந்து உக்காந்துட்டுப் போனாங்க. எம்மேல கேஸ் போட்டீங்களா?"

ஏழுமலைதான் முதலில் சுதாரித்தார்.

"பாய், சேர் வாடகைக்கு உடறவன் சேரப் பாத்துக்கினு போ. எங்க வூட்டு சாவுல உனக்கு இன்னா?"

"கூப்ட்டாங்க, வந்தேன். போன்னா போறேன்பா. கையெழுத்தும் என்கூடவே வந்துடும், பரவால்லையா?"

இன்ஸ்பெக்டர் அலுத்துப்போய், அப்படியானால் என்னதான் எழுதுவது என்று கேட்டார்.

"அடிபட்டு செத்தாருன்னு எழுதுங்க. அது நம்ம எல்லாருக்கும் தெரியுது. யார் அடிச்சாங்கன்னு தெரியலன்னு எழுதுங்க. அதுவும் நம்ம எல்லாருக்கும் தெரியுது."

அதன் பிறகு நடந்ததற்குக் காரணம் நியாய உணர்ச்சி என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது வேறு. அபிப்பிராய பேதம் இருந்தால் ஒவ்வொருவர் சொன்னதையும் தனித்தனியாக எழுத வேண்டும், கோர்ட்டிலும் தனித்தனியாக வந்து சொல்ல வேண்டியிருக்கும் என்று இன்ஸ்பெக்டர் விளக்கினார். நால்வரில் ஒருவருக்கு உடனே கழனியில் மல்லாட்டைச் செடி பிடுங்குகிற வேலை ஞாபகம் வந்தது. இன்னொருவர், அழுகிறதும் அழாததும் அவரவர் உடம்பு வாகு என்றார். மூன்றாமவர், தான் ஆரம்பத்திலேயே அதைத்தான் சொல்ல வந்ததாகச் சொன்னார். நான்காமவர் மூன்று பேர் சொல்வதையும் ஆமோதித்தார். உச்சிவேளைக்குள் ஐவருக்கும் ஒரே அபிப்பிராயம் ஏற்பட்டு, பாய் கடைசியாகக் கையெழுத்துப் போட்டார். செல்வியை யாரும் ஜீப்பில் ஏற்றவில்லை.

அவள் பாய்க்கு நன்றி சொல்லவில்லை. பாயும் அவள் பக்கம் திரும்பவில்லை. நாற்காலியை ஆடாமல் எப்படிக் கட்டுவது என்று தெரியாத ஒரு கான்ஸ்டபிளைத் திட்டிக்கொண்டே அதை வண்டியில் ஏற்றினார்.

பிறகு பல மாதம், சந்தேகத்துக்குரிய மூன்று பேரையும் போலீஸ் மாற்றி மாற்றி அழைத்துப்போய் விசாரித்தது. ஒன்றும் தேறவில்லை. பார்த்தவர் இல்லை, அடித்த பொருள் இல்லை, ஒப்புக்கொண்டவர் இல்லை. கண்டுபிடிக்க முடியாத வழக்கு என்று மூடிவிட்டார்கள். இன்றுவரை யார் செய்தது என்று தெரியாது. ஏழுமலையின் சொந்தக்காரர்கள் பாய் கடையைப் புறக்கணித்து, தங்கள் விசேஷங்களுக்குத் திண்டிவனத்திலிருந்து நாற்காலி வரவழைத்தார்கள். ஒரு கல்யாணத்தில் தாலி கட்டிய பிறகுதான் நாற்காலி வந்து இறங்கியது. மாப்பிள்ளை வீட்டார் நின்றபடியே அட்சதை போட்டார்கள். பாய் அந்தச் செய்தியை எங்கள் பேப்பரில் போட முடியுமா என்று மிகவும் கேட்டார்.

வழக்கை மூடிய வாரம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் என்னைப் பிடித்தார்.

"நிருபரே, எனக்கு யாரு மேல சந்தேகம் தெரியுமா?"

"யாரு மேல?"

"அந்தப் பொண்ணு மேலதான்."

எனக்கு டீ இறங்கவில்லை. பாய் அதைக் கவனித்தார்.

"அப்புறம் ஏன் பாய் அன்னிக்கு அப்படிப் பேசினீங்க?"

"என் சந்தேகம் என்னிக்காவது சரியா வந்துக்குதா? அத நம்பி ஒரு பொண்ண உள்ள தள்றதா? நல்லா இருக்குதே."

அவர் சந்தேகப்பட்ட ஒருவரும் அதுவரை எந்தக் குற்றத்தையும் செய்ததில்லை என்பது எனக்கு நினைவு வந்தது. செல்விக்காக அன்று முதல்முறையாக நிம்மதியாக இருந்தது.

நிலத்தைப் பிற்பாடு ஊர்ப் பெரியவர்கள் பிரித்துக் கொடுத்தார்கள். செத்துப்போன மகனின் பங்கு செல்விக்கும் அவள் பெண்ணுக்கும் வந்தது. கிணறும் மோட்டாரும் பொது. ஒரு நாள் ஏழுமலைக்குத் தண்ணீர், மறுநாள் செல்விக்கு. அனந்தபுரம் பக்கம் நாற்காலி இறக்கப் போனால், செல்வியின் முறை நாளாகப் பார்த்துத்தான் பாய் போவார். சாலையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, வாய்க்காலைப் பார்ப்பார். "ஓடுது" என்பார். வண்டியைக் கிளப்புவார். ஒருமுறைகூட இறங்கி அவளிடம் பேசியதில்லை.

பாய் இறந்து இரண்டு வருஷமாகிறது. சர்க்கரை நோய்தான், வீட்டில், படுக்கையில். நான் இப்போது வேலையில் இல்லை. அந்தச் சாலையில் எனக்கு எந்தக் காரியமும் கிடையாது. ஆனாலும் மாதத்தில் இரண்டு மூன்று தடவை போகிறேன்.

நேற்று செல்வியின் முறை. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.