மாமியார் என்கிற பெரிய சாக்கெட்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. இரண்டு வரி எழுதினால் விரல் வலிக்கிறது. ஆனால் கிர்ரு அண்ணனைப் பற்றி வேறு யாராவது எழுதினால் பாதி உண்மையைக் கலந்துவிடுவார்கள் என்று பயம்.

மாரிகுப்பத்திலிருந்து கோரமண்டல் வரைக்கும் கழன்ற நட்டு ஒன்று இருந்தால் அதற்குக் கிர்ரு அண்ணனைத் தெரியும். எங்கள் தங்கச் சுரங்கப் பட்டறையில் அவர் ஃபிட்டர், நான் அவருக்குக் கையாள். சீமையிலிருந்து வந்த ராட்செட் பெட்டியை என்னைத் தவிர யாரையும் தொட விடமாட்டார். ஒரு பிடி, அதில் மாட்டச் சின்னதும் பெரியதுமாக இரும்புச் சாக்கெட்டுகள். சாக்கெட்டை நட்டின் மேல் கவிழ்த்துப் பிடியைத் தள்ளினால் நட்டு இறுகும். திரும்ப இழுத்தால் 'கிர்ர்' என்று சத்தம் மட்டும் வரும். அந்தச் சத்தம்தான் அவர் பேர். வீட்டில் வைத்த பேரை அவரே மறந்திருப்பார்.

சாக்கெட்டுகளுக்கு அவர் பேர் வைத்திருந்தார். பெரிய மச்சான், சின்ன மச்சான், சகலை என்று எல்லாம் பெண்டாட்டி வீட்டு ஆட்கள். இருப்பதிலேயே பெரியது மாமியார். குட்டிச் சாக்கெட்டுக்கு மட்டும் என் பேர்.

"இந்த மைன்ஸ்ல ஒரு நட்டுக்கும் பொருந்தாது. உன்ன மாதிரியேதான்" என்றார்.

ஒருநாள் பம்பு நட்டு ஒன்று துருவேறி இறுகிக் கிடந்தது.

"மாமியார எடுடா. அசையலியா? தலையில சுத்தியால ஒண்ணு போடு."

வாசலில் சாப்பாட்டுத் தூக்கோடு மாமியாரே நின்றிருந்தார்.

மறுநாள் காலை மகளைக் கூட்டிக்கொண்டு ரயில் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். இனிமேல் பெண்ணை அனுப்பப்போவதில்லை என்று தெருவுக்கெல்லாம் சொல்லிவிட்டுத்தான் போனார். பட்டறையில் அன்று கிர்ர் சத்தமே இல்லை.

அப்போது ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தான். வண்டியின் பிரேக் கம்பியில் நட்டு கழன்று தொங்குகிறதாம். கிளம்ப முடியவில்லையாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன்.

"அண்ணா, சொம்மா வுட்டுடு. வண்டி நின்னா அண்ணியும் நின்னுடுவாங்க" என்றேன்.

"வண்டியில சனங்க கீறாங்கடா" என்றார்.

கட்டை விரலால் நட்டைத் தடவினார். பெரிய மச்சானை மாட்டி அசைத்துப் பார்த்தார்.

"ஆடுது. ஆடுறதப் போட்டா நட்டு மூலை தேஞ்சிடும். அப்புறம் எது மாட்டினாலும் வழுக்கும்." குரலைத் தணித்துக்கொண்டார். "அந்தப் பெரியவங்கள எடு."

ஜன்னலிலிருந்து மாமியார் கேட்டார். "எந்தப் பெரியவங்க?"

"உங்களத்தான்மா" என்றேன். இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

"இன்னாத்துக்கு அதுக்கு எம்பேரு?"

கிர்ரு அண்ணன் வண்டிக்கடியிலிருந்தே பதில் சொன்னார். "மத்ததெல்லாம் வழுக்கிடும் அத்த. இது ஒண்ணுதான் பிடிச்சா வுடாது."

கிர்ர், கிர்ர் என்று நட்டு இறுகியது. வண்டி கிளம்பத் தயார். மாமியார் மூட்டையைக் கீழே போட்டார்.

"எறங்குடி. இந்த ஆளத் தனியா வுட்டா இன்னும் எதுக்கெல்லாம் எம்பேர வைப்பாரோ."

இதை எழுதி முடித்ததும் பட்டறையில் பக்கத்து மேஜையில் வேலை செய்யும் சின்னப்பனிடம் கேட்டேன். "எம்பேரு வச்சது ஒரு வேலைக்கும் ஆவாது. அத ஏண்டா அண்ணன் இன்னும் பெட்டியில வச்சிகினு கீறாரு?"

"தெனம் மொதல்ல அவரு எண்ணெ போட்டுத் தொடைக்கிறது அதத்தாண்டா" என்றான்.