செவலை நின்ற சரித்திரம்

ஒரு நாடு முன்னேறிவிட்டதா என்று பார்க்க அணைக்கட்டுகளை எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. அந்நாட்டுக் குதிரைகள் பெரிய மனிதர்கள் முன்னால் அசையாமல் நிற்கின்றனவா என்று பார்த்தால் போதும். இந்த உண்மையை உலகத்திலேயே முதலில் உணர்ந்தது கொடைக்கானலில் நாங்கள் அமைத்த கோடை விழாக் கமிட்டிதான். நானும் அதில் ஓர் அங்கத்தினன் என்பதை அடக்கத்துடன் சொல்லிக்கொள்கிறேன்.

அறுபத்துமூன்றாம் வருஷ சீஸன். மலர்க் கண்காட்சியோடு மட்டக்குதிரைக் கண்காட்சியும் நடத்துவது என்று தீர்மானம் ஆயிற்று. பட்டணத்திலிருந்து மேலதிகாரி ஒருவர் வந்து பார்வையிடுவார். அவர் முன்னால் அசையாமல் நிற்கும் குதிரைக்குத்தான் ஏரிக்கரையில் சவாரி விட அனுமதி. நடப்பதற்கு அனுமதி வேண்டுமானால் நின்று காட்ட வேண்டும் என்ற இந்த விதியின் ஆழம் பலருக்குப் புரியவில்லை.

மலைக்குக் கீழே பள்ளங்கி கிராமத்து ராக்காயிக்குச் சுத்தமாகப் புரியவில்லை. உருளைக்கிழங்கு மூட்டை சுமந்துவந்த அவளுடைய குதிரை மழையில் கால் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்து செத்துவிட்டது. மிச்சம் இருந்தது அதன் குட்டி செவலை. மூட்டை தாங்குகிற முதுகு அதற்கு இன்னும் வரவில்லை. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏரியைச் சுற்றலாம், அவ்வளவுதான்.

"அனுமதி கெடைக்கலன்னா என்ன செய்வே?" என்று கேட்டேன்.

"மூட்டைய நாந்தான் செமக்கணும். வேற யாரு, நீங்க வந்து முதுகு குடுக்கப் போறீகளா?"

கமிட்டி அங்கத்தினரிடம் பேசும் முறை இதுவல்ல. இருந்தாலும் மன்னித்தேன்.

செவலைக்குப் பயிற்சி அளிக்க டிரில் மாஸ்டர் சூசைமாணிக்கம் நியமிக்கப்பட்டார். விசிலோடு வந்தார். "அட்டேன்ஷன்" என்றார். செவலை அவருடைய தொப்பியை முகர்ந்து பார்த்தது.

கமிட்டிச் செயலாளர் சேனாதிபதி குறுக்கிட்டார். ரிட்டயர்டு தாசில்தார்.

"மாஸ்டர், இது பள்ளங்கிக் குதிரை. தமிழ்ல சொல்லுங்க."

"அசையாது நிற்க" என்றார் மாஸ்டர்.

"அந்தத் தமிழு எனக்கே வெளங்கலையே" என்றாள் ராக்காயி. "சும்மா விடுங்கய்யா. அது தன்னால நிக்கும்."

அது தன்னால் நின்றது. கமிட்டியின் உதவி இல்லாமலேயே நின்றது எங்களுக்குக் கவலை தந்தது. நல்லவேளையாகச் செயலாளர், "வாலைக் கொஞ்சம் சீவி விடும்மா" என்றார். "சரிங்க" என்றாள் ராக்காயி. உடனே செவலை விறுவிறுவென்று நடந்தது. கயிற்றைப் பிடித்திருந்த மாஸ்டரும் விசிலோடு கூடப் போனார்.

திரும்பி வந்ததும் விசாரணை நடந்தது.

"மூட்டையக் கட்டி முடிச்சதும் 'சரி'ம்போம்ங்க. சொமை ஏறிருச்சு, கெளம்புன்னு அர்த்தம். ஆத்தாகூடவே நடந்து இதுவும் படிச்சிருச்சு" என்றாள் ராக்காயி. "காதுல பஞ்சு வெச்சிருவோமா?"

"காதை அடைத்தால் மேலதிகாரியின் பேச்சை அது எப்படிக் கேட்கும்?" என்றார் செயலாளர்.

பஞ்சு யோசனை தள்ளுபடி ஆயிற்று. எனவே, விழா முடியும்வரை மைதானத்தில் எவரும் 'சரி' என்ற சொல்லை உச்சரிக்கலாகாது, பதிலாக 'ஆகட்டும்' என்றே சொல்ல வேண்டும் என ஏகமனதாகத் தீர்மானித்தோம். ஜவுளிக்கடை ஞானவேல் எழுந்து, சரிகை வேட்டியை என்னவென்று சொல்வது என்று கேட்டார். 'ஆகட்டும்கை வேட்டி' என்றார் மாஸ்டர். அதுவும் நிறைவேறியது.

ராக்காயிக்குப் புதுச் சொல் உடனே படிந்துவிட்டது. செயலாளருக்குத்தான் படியவில்லை. அவருக்காகத் தனி ஒத்திகை வைத்தோம். மாஸ்டர் மேலதிகாரியாக நடித்தார்.

"சேனாதிபதி, ஏரி கோணலா கெடக்கே, நிமித்தக் கூடாதா?"

"சரிங்க."

செவலை கிளம்பிற்று.

"குதிரைக்கு அடுத்தாப்புல நீங்கதான்யா படிக்கணும்" என்றாள் ராக்காயி, ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொண்டு. "எனக்கு வேற சோலி இல்லியா? வெரசா படிங்க."

"சர்வீஸ் பூரா இந்த ஒரு வார்த்தையிலதாம்மா பிரமோஷன் வாங்கினேன்" என்றார் செயலாளர். "நாக்கு திரும்ப மாட்டேங்குது."

விழா நாளும் வந்தது. மேலதிகாரி மைக்கைப் பிடித்து, தேச நிர்மாணத்தில் குதிரையின் பங்கு பற்றிப் பேசினார். தூறல் விழுந்தது. மற்றக் குதிரைகள் ஒவ்வொன்றாக விலகி ஓரமாய்ப் போய்விட்டன. செவலையின் கண்ணிமையில் ஈ உட்கார்ந்தது. அது இமையைக்கூட அசைக்கவில்லை. பக்கத்தில் ராக்காயி முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு மூச்சை அடக்கி நின்றாள்.

மேலதிகாரி இறங்கி வந்தார். "பிரமாதம். சிலையாட்டம் நிக்குதே. முதல் பரிசு இதுக்குத்தான்."

"ஆகட்டும்ங்க" என்றார் செயலாளர், வேர்த்துக்கொண்டே.

நீல ரிப்பன் கட்டப்பட்டது. முந்தானையை விட்டுவிட்டு ராக்காயி சிரித்தாள். ஏரிக்கரை இனி அவளுக்குத்தான்.

செவலைக்கு நிற்க மட்டுமே கற்றுக்கொடுத்திருந்தோம். நிற்கும்போது சாணி போடக்கூடாது என்று கற்றுக்கொடுக்கத் தவறிவிட்டோம். மேலதிகாரி ஒரு அடி பின்னால் வைத்தார். பிறகு தம் ஷூவைப் பார்த்தார்.

"வர்ற டூரிஸ்ட் என்ன நினைப்பான்?" என்றார். "ஏரிக்கரையில இந்தக் குதிரைச் சவாரியே வேண்டாம். எல்லாத்தையும் எடுத்துடலாமே?"

ராக்காயி எங்களைப் பார்த்தாள். 'ஆகட்டும்' என்ற சொல் எங்கள் அனைவருக்கும் மனப்பாடம். 'வேண்டாம்ங்க' என்ற சொல்லும் தமிழில் உண்டு. கமிட்டி ஒரே குரலில், ஒத்திகையே தேவைப்படாத தெளிவோடு, "சரிங்க" என்றது.

செவலை கிளம்பிற்று. நீல ரிப்பனோடு டாலியாப் பூத்தொட்டிகளின் நடுவே புகுந்து, பள்ளங்கிப் பாதையில் இறங்கிப் போய்விட்டது.

மறுநாள் கூடிய கமிட்டி, குதிரையின் ஒழுங்கீனத்தை வன்மையாகக் கண்டித்தது. ராக்காயி உள்ளே வந்து நின்றாள்.

"அது மேல பழி போடாதீக. நீங்க 'சரி'ன்னீக. சொமை ஏறிருச்சுன்னு அது கெளம்பிருச்சு."

"அதன் முதுகில் ஒன்றுமே இல்லையே" என்றார் செயலாளர்.

அது உண்மைதான். கமிட்டி முழுவதும் கண்ணால் பார்த்தது. செவலை ஒரு சிறு பிழை செய்துவிட்டது. நாங்கள் சுமை ஏற்றியது வாஸ்தவம். முதுகு மட்டும் ராக்காயியுடையது.