தேக்காவில் நான் நடத்திய நற்செயல் வேட்டை

"...அதனால இனிமே நீ எங்களுக்கு ஒரு உதவியும் செய்யாம இருந்தாலே பெரிய உதவி லா, சரியா?" என்றார் சல்மாக்கா.

(எந்தப் பேச்சின் வாலிலும் ஒரு 'லா' ஒட்டுவது சிங்கப்பூர் வழக்கம்.) அப்போது என் கையில் ஒரு நீலப் பிளாஸ்டிக் கூடை. அதற்குள் ஒரே ஒரு டிஷ்யூ பாக்கெட். சுற்றிலும் பிரியாணி வாசனை, தட்டுச் சத்தம், தலைக்கு மேலே சோம்பலாகச் சுற்றும் மின்விசிறிகள். அடுத்து அவர் என்ன செய்தார் என்று சொல்வதற்கு முன், நான் என்ன செய்தேன் என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மழை வந்தால் குடை பிடிக்கலாம். உதவி செய்தே தீருவேன் என்று வருகிறவரிடமிருந்து தப்பிக்க எதைப் பிடிப்பது? இதை நான் ஆராய்ந்து கண்டுபிடிக்கவில்லை. ஒரு காலத்தில் அப்படி வந்தவள் நான்தான்.

ஏழு வருடங்களுக்கு முன், கணவரின் வேலைக்காக மதுரையிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தேன். வந்து ஐந்து வாரம் வரைக்கும் எனக்கு முழுசாக விழிப்பே வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ரயில் சத்தமில்லாமல் வரும், சத்தமில்லாமல் போகும். சாலையோரத்து மரங்கள் யாரோ தினமும் தலைவாரி விட்டதுபோல நிற்கும். இந்தியக் கடைகள் நிறைந்த தேக்காவில் இறங்கினால் மல்லிகைச் சரமும் சாம்பிராணியும் ஒரே மூச்சில் மூக்குக்குள் வரும். பச்சையும் மஞ்சளும் ஊதாவுமாகச் சாயம் பூசிய பழைய கடைவீடுகளைப் பார்த்துக்கொண்டே நடந்து, இரண்டு தடவை விளக்குக் கம்பத்தில் மோதியிருக்கிறேன். (இரண்டாவது தடவை கம்பத்திடம் மன்னிப்பும் கேட்டேன். அந்த ஊர் மரியாதை எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.)

"வீட்டுல உட்கார்ந்து சுவத்தோட பேசாத. எங்கயாவது போய் மனுசங்களோட பேசு" என்று கணவர்தான் அனுப்பி வைத்தார். தேக்காவுக்குப் பின்புறம் ஒரு சந்தில் சின்ன மாணவர் பராமரிப்பு நிலையம். பள்ளி விட்டதும், அப்பா அம்மா வேலையிலிருந்து வரும்வரை பிள்ளைகள் அங்கே இருப்பார்கள். பதினான்கு பிள்ளைகள். பொறுப்பாளர் பரமு டீச்சர். சமையலும் பராமரிப்பும் சல்மாக்கா. தொண்டூழியர் நான்.

பிள்ளைகள் என்னை முதல் நாளே ஏற்றுக்கொண்டார்கள். சிக்கல் பெரியவர்களிடம்தான். பரமு டீச்சரும் சல்மாக்காவும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதே இல்லை. ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். காலையிலிருந்து மாலைவரை நான்கே வார்த்தைகள். "உப்பு." "ம்." "மழை." "ம்." பதினொரு வருடமாகச் சேர்ந்து வேலை செய்கிறார்களாம். எனக்கு நெஞ்சு உருகிவிட்டது. இவர்களுக்குள் ஏதோ பழைய மனஸ்தாபம், இவர்களை ஒன்று சேர்ப்பதற்காகத்தான் விதி என்னை மதுரையிலிருந்து விமானத்தில் ஏற்றி அனுப்பியிருக்கிறது என்று முடிவு கட்டினேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் பிழைப்பார்களா என்று அந்தப் பழமொழியில் இல்லை.

முதலில் 'இன்றைய உற்சாக வாக்கியம்' என்று தடித்த எழுத்தில் எழுதி, சமையலறைச் சுவரில் ஒட்டினேன். சாயங்காலம் பார்த்தால் அதன்மேல் வடை.

"எண்ணெய் நல்லா இழுக்குதும்மா. நாளைக்கும் எழுது" என்றார் சல்மாக்கா.

அடுத்து, வட்டமாக நின்று ஒருவர் மற்றவரிடம் உள்ள நல்ல குணத்தைச் சொல்லும் பயிற்சி. பரமு டீச்சரைக் காட்டி சல்மாக்கா சொன்னார்: "நல்லவங்க." சல்மாக்காவைக் காட்டி பரமு டீச்சர் சொன்னார்: "இவங்களும்." பிறகு ஒருவர் அடுப்பைப் பார்க்கவும் மற்றவர் தொலைபேசியை எடுக்கவும் போய்விட்டார்கள். வட்டத்தில் நான் மட்டும் நின்றேன்.

அதன் பிறகுதான் நற்செயல் வேட்டை.

ஜூன் பள்ளி விடுமுறை. சனிக்கிழமை பிள்ளைகளை, சுற்றிலும் கடைகளும் நடுவில் பொது மேசைகளுமாக இருக்கும் உணவங்காடிக்கு அழைத்துப் போய்ச் சாப்பிட வைப்பதாக ஏற்பாடு. எட்டு வயது யாழினிக்கு மட்டும் அது சாப்பாடு அல்ல, திருவிழா. அவள் அப்பாவுக்குச் சாங்கி விமான நிலையத்தில், சரக்குப் பிரிவில் வேலை. இரண்டு ஷிப்டுக்கு நடுவே மூன்று மணி நேரம் கிடைக்கும், அதில் ஓடி வந்து மகளோடு சாப்பிட்டுவிட்டுப் போவதாகச் சொல்லியிருந்தார். இதற்கு முந்திய இரண்டு தடவையும் சொல்லி, வர முடியாமல் போனவர். ஒரு வாரமாக அவள் யாரிடம் பேசினாலும் பேச்சு அங்கேதான் வந்து நிற்கும்.

"டேடிகிட்ட ஃபோன்ல சொல்லிட்டேன்க்கா. தூண் பக்கத்துல, ஃபேனுக்குக் கீழ. டேடி நேரா அங்கதான் வருவாங்க."

சல்மாக்கா முன்னாலேயே கிளம்பிப் போனார். நானும் பரமு டீச்சரும் பிள்ளைகளை வரிசையாக நடத்திக்கொண்டு போனோம். வாசலில் பரமு டீச்சர், "தூண் பக்கத்துல மூணு மேசை. சல்மாக்கா இடம் புடிச்சிருப்பாங்க. போய் உட்காருங்க. நான் ஜூஸ் வாங்கிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பானக்கடைப் பக்கம் திரும்பினார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதை அன்றுதான் கேட்டேன். அந்த மகிழ்ச்சியில், என்ன சொன்னார் என்பதில் பாதி கரைந்துவிட்டது.

தூண் இருந்தது. மூன்று மேசைகள் இருந்தன. சல்மாக்கா இல்லை. (பிரியாணிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அந்த வரிசையைத் தூண் மறைத்திருந்தது.) ஆள் இல்லையென்றால் இடம் பிடிக்கவில்லை என்றுதானே பொருள்? மேசைகளின் மேல் மேசைக்கு ஒன்றாக டிஷ்யூ பாக்கெட்டுகள் மட்டும் கிடந்தன. நிமிர்ந்து பார்த்தேன். அடுத்த மேசையிலும் டிஷ்யூ. அதற்கடுத்ததிலும். அந்தப் பெரிய கூடம் முழுக்க, காலி மேசைகளில் வெள்ளை வெள்ளையாக, தண்ணீரில் கொக்குகள் வந்து இறங்கியிருப்பதுபோல. ஒரு மேசையில் மடக்கிய குடை. இன்னொன்றில் நீல வாரோடு யாருடைய அலுவலக அட்டையோ.

ஐயோ பாவம் என்று தோன்றியது. எவ்வளவு அவசரமான ஊர்! இத்தனை பேர் சாப்பிட்டு எழுந்து, பொருளை மறந்துவிட்டு ஓடியிருக்கிறார்கள்.

அந்த நொடியில் எனக்கு ஒரு காட்சி வந்தது. பிள்ளைகள் இவற்றையெல்லாம் சேகரிக்கிறார்கள். உரியவர்கள் ஒவ்வொருவராக வந்து கண்கலங்கிப் பெற்றுக்கொள்கிறார்கள். அதைப் பார்த்து பரமு டீச்சரும் சல்மாக்காவும் பதினொரு வருட மௌனம் உடைந்து, பிரியாணி ஆவிக்கு நடுவே கைகோத்துக்கொள்கிறார்கள். பின்னணியில் ஏதோ புல்லாங்குழல்கூடக் கேட்டது.

பிள்ளைகளின் தண்ணீர்ப் புட்டிகளைச் சுமந்து வந்த நீலக் கூடையைக் காலி செய்து நீட்டினேன். "பிள்ளைங்களா, நற்செயல் வேட்டை! யாரோ மறந்துட்டுப் போனதையெல்லாம் பத்திரமா எடுத்துட்டு வாங்க. ரெண்டு ரெண்டு பேரா. ஓடக் கூடாது."

இதில் ஒன்று சொல்ல வேண்டும். மேசைமேல் டிஷ்யூ கிடந்தால் என்ன பொருள் என்று பதினான்கு பேருக்கும் தெரியும். அந்த ஊரில் பிறந்த பிள்ளைகள். அதில் பதின்மூன்று பேர் என்னிடம் சொல்லவில்லை. பெரியவர் ஒருவரே வாய் திறந்து இப்படியொரு அனுமதி கொடுக்கும் நாள் வாழ்க்கையில் மறுபடி வருமா? கண்கள் மின்ன, சத்தமே இல்லாமல் பரவிப் போனார்கள்.

யாழினி மட்டும் நகரவில்லை. தூணோரத்து மேசைமேல் இரண்டு கையையும் பரப்பிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இத எடுக்காதீங்க. இது எங்க டேடிக்கு."

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாதுடா. அடுத்தவங்க பொருள் மேல ஆசைப்படலாமா?"

"ஆசை இல்லக்கா. சல்மாக்காதான்..."

"சல்மாக்கா இன்னும் வரலையே, கண்ணு."

அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, அந்த மூன்று மேசைகளின் டிஷ்யூக்களையும் நானே, என் கையாலேயே, எடுத்துக் கூடையில் போட்டேன். போதாததற்கு அவளுக்கு நேர்மையைப் பற்றி ஒரு சின்ன உரையும் ஆற்றினேன்.

உரை முடிவதற்குள் தூணோரத்து மூன்று மேசைகளும் போய்விட்டன. பைகளும் குழந்தைகளுமாக ஒரு பெரிய குடும்பம், காலி இடம் கிடைத்த அதிர்ஷ்டத்தை நம்ப முடியாமல், உட்கார்ந்தே விட்டது. நேரம் பன்னிரண்டு. மதியக் கூட்டம் அலை மாதிரி உள்ளே வந்து எல்லா இருக்கைகளிலும் நிரம்பியது. இன்னொரு பக்கம், டிஷ்யூ வைத்து இடம் பிடித்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போயிருந்தவர்கள் ஆவி பறக்கும் தட்டுகளோடு திரும்பி வந்தார்கள்.

யாரும் கத்தவில்லை. அதுதான் இன்னும் பயங்கரம். மீன்தலைக் கறிச் சட்டியைக் கையில் ஏந்திய சீன மாமா ஒருவர், தன் மேசையில் வேறொருவர் தோசை சாப்பிடுவதைக் கனவு காண்பவர்போலப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு மலாய்த் தம்பதி. அப்புறம் அலுவலகத்துப் பெண்கள் நான்கு பேர். கூடம் முழுக்கத் தட்டு ஏந்தியவர்கள், கோயில் பிரகாரத்தில் தீபம் ஏந்தி நிற்பவர்களைப்போல.

நான் கூடையைத் தூக்கிப் பிடித்து, "இது யாரோடது? வந்து வாங்கிக்கோங்க" என்று தமிழிலும், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலும் கூவினேன். எல்லோரும் திரும்பினார்கள். கூடையைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். உள்ளே முப்பதுக்கும் மேற்பட்ட பாக்கெட்டுகள், ஒரே பிரசவத்தில் பிறந்ததுபோல ஒரே முகம்.

அந்த நேரத்தில் பிரியாணித் தட்டுகளோடு சல்மாக்கா வந்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து பானங்களோடு பரமு டீச்சர் வந்தார். இருவரும் கூடையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். சல்மாக்கா ஒரு புருவத்தை உயர்த்தினார். பரமு டீச்சர் தலையை அரை அங்குலம் அசைத்தார். அவர்கள் போட்ட ஆலோசனைக் கூட்டம் அவ்வளவுதான்.

பரமு டீச்சர் அலுவலக அட்டையையும் குடையையும் எடுத்துக்கொண்டு ஒரு பக்கம் போனார். சல்மாக்கா கூடையை வாங்கி, பிள்ளைகளை நோக்கிச் சொடக்குப் போட்டார். பதின்மூன்று பேரும் ஓடி வந்து, எந்தப் பாக்கெட் எந்த மேசை என்று ஒன்றுவிடாமல் எடுத்துப் போய் வைத்தார்கள். (எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்தார்கள், திருட்டுப் பயல்கள்.) அங்கே மலாய், இங்கே ஆங்கிலம், மாமாவுக்கு இரண்டு சொல் சீனம் என்று சல்மாக்கா பேசப் பேச, ஆட்கள் எழுந்தார்கள், நகர்ந்தார்கள், சிரித்தார்கள். அவர் ஓரிடத்தில் சொல்லிவிட்டுத் திரும்பினால், அங்கே துடைக்க வேண்டிய மேசையைப் பரமு டீச்சர் ஏற்கெனவே துடைத்துக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை பேசவில்லை. உடம்பில் ஒரு கை இன்னொரு கையிடம் பேசுமா என்ன?

எல்லாம் சரியானது, தூணோரம் தவிர. அந்தக் குடும்பம் பாதிச் சாப்பாட்டில் இருந்தது. அவர்கள்மேல் எந்தத் தப்பும் இல்லை.

அப்போதுதான் அவர் வந்தார். பளிச்சென்ற மஞ்சள் மேல்சட்டை, நெற்றி முழுக்க வியர்வை. நேராகத் தூணுக்குப் போனார். முன்பின் தெரியாதவர்கள் சாப்பிடுவதைப் பார்த்து அப்படியே நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தூணுக்கு இந்தப் பக்கம் யாழினி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது பேசியிருப்பேன்.

மீன்தலைக் கறி மாமாதான் முதலில் எழுந்தார். சட்டியைத் தூக்கிக்கொண்டு மலாய்த் தம்பதியின் மேசைக்கு மாறி உட்கார்ந்து, தன் மேசையைக் கை காட்டினார். அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அதைப் பார்த்த அலுவலகத்துப் பெண்கள் நகர்ந்து இரண்டு பிள்ளைகளுக்கு இடம் விட்டார்கள். அப்புறம் ஒவ்வொரு மேசையும். கூடத்தில் எங்கே பார்த்தாலும் யாரோ ஒருவர் தட்டிலிருந்து யாரோ ஒரு பிள்ளைக்குக் கோழித்துண்டு போய்க்கொண்டிருந்தது. நடுவில் பரமு டீச்சரும் சல்மாக்காவும் முதுகோடு முதுகாக நின்று, ஆளுக்குப் பாதிக் கூடத்தைக் கண்ணில் வைத்திருந்தார்கள்.

யாழினியின் அப்பா வேகமாகச் சாப்பிட்டார், அவள் வேகமாகப் பேசினாள். முக்கால் மணி நேரம். கிளம்பும்போது அவள் என்னைச் சுட்டிக்காட்ட, அவர் என்னிடம் வந்து, "நீங்கதானா அந்த அக்கா?" என்று மட்டும் கேட்டுச் சிரித்துவிட்டு, ரயிலுக்கு ஓடினார்.

அந்தச் சனிக்கிழமை இன்னும் முடியவில்லை. விருந்துக்கு யார் வீட்டுக்குப் போனாலும் என் கணவர் வாசலிலேயே, "முதல்ல உங்க டிஷ்யூவை எண்ணி வச்சுக்கோங்க" என்பார். நான் "எனக்கு ஒரு யோசனை" என்று ஆரம்பித்தால் என் ஐந்து வயது மகள் தன் தட்டையும் நாற்காலியையும் சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொள்கிறாள். உயரமாக வளர்ந்துவிட்ட யாழினி பண்டிகைக்கு வாழ்த்து அனுப்பும்போது என்னை 'வேட்டைக்காரி அக்கா' என்றுதான் விளிக்கிறாள்.

அன்று கூட்டம் ஓய்ந்து தூணோரம் காலியானதும், சல்மாக்கா என்னைக் கூப்பிட்டார். கூடையோடு போய் நின்றேன்.

"உங்க ஊர்ல பஸ்ல எப்படிம்மா இடம் புடிப்பீங்க?"

"ஜன்னல் வழியா துண்டு போடுவோம்க்கா."

(போடுவோம் என்ன? பேருந்து நிலையத்துக்குள் நுழையும் பஸ்ஸின் மூன்றாவது ஜன்னலில் கைக்குட்டையைக் குறி தவறாமல் எறிவதில் கல்லூரி முழுக்க எனக்கு நிகர் கிடையாது.)

"யாராச்சும் அந்தத் துண்ட எடுத்து மடிச்சு, ஐயோ பாவம் மறந்துட்டாங்கன்னு டிரைவர்கிட்ட குடுப்பாங்களா?"

நான் குனிந்து கூடையைப் பார்த்தேன்.

"சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நானும் டீச்சரும் பேசாததுக்கு நீ கவலப்படாத. எங்களுக்குள்ள பேச மிச்சம் ஒண்ணுமில்ல புள்ள, அதனால பேசல. அதனால இனிமே நீ எங்களுக்கு ஒரு உதவியும் செய்யாம இருந்தாலே பெரிய உதவி லா, சரியா?"

தலையை ஆட்டினேன். வெளியே மழை பிடித்திருந்தது. எங்கள் மூன்றில் இரண்டு பிள்ளைகளின் வாய் துடைக்கத் தீர்ந்துபோக, கூடைக்குள் மிச்சமிருந்த அந்த ஒற்றை டிஷ்யூ பாக்கெட்டை சல்மாக்கா எடுத்தார். தன் இருக்கைக்கும் பரமு டீச்சர் இருக்கைக்கும் நடுவே காலியாக இருந்த முக்காலியின்மேல் அதை வைத்தார். பிறகு எனக்கு ஒரு பிரியாணி வாங்க வரிசையில் போய் நின்றார்.