கூரம்பில் ஊரின் பேசும் பந்து

எங்கள் கூரம்பில் ஊரில் ஒரு பந்து பேசியது. நம்பாதவன் பாவி! கோழித் தீவனம் விற்றுக்கொண்டிருந்த கிளைவ் ஒருநாள் பழைய தோல் பந்து ஒன்றைக் காதில் வைத்தான். சனிக்கிழமை கால்பந்தில் எந்த அணி ஜெயிக்கும் என்று அது சொல்லிவிட்டதாம். அவ்வளவுதான். நொலீனின் பப்பில் பீர் வாங்க நின்ற வரிசையைவிட, பந்திடம் கேட்க நின்ற வரிசை நீண்டது.

யார் ஜெயிப்பார்கள் என்று வாராவாரம் சீட்டில் எழுதிப் போடும் கணிப்புப் போட்டியில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் தொடங்கும்வரை தன் கணிப்பை யாரும் வெளியே சொல்லக் கூடாது, பெண்டாட்டியிடம்கூட. கிளைவும் காசு வாங்கிக்கொண்டு ஒவ்வொருவர் காதிலும் தனித்தனியாகத்தான் ஓதுவான். பலித்தால் பந்தின் மகிமை. பலிக்காவிட்டால், "யார்கிட்டயோ வாய விட்டுட்ட. பந்து கோவிச்சுக்கிச்சு!" தபால்கார மெர்வ், தூக்கத்தில் உளறிவிடுவோமோ என்று பயந்து தனி அறையில் படுத்தார்.

இறுதி ஆட்டத்துக்குக் கட்டணம் சற்றே அதிகம். நொலீனிடம் கிளைவ் கேட்டது அவளுடைய கேரவன் வண்டியை. பப்பை விற்றதும் அதில் நாடு சுற்றப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், சாவியை எடுத்து அவன் முன்னால் வைத்துவிட்டாள். போட்டியில் ஜெயித்தவர்களின் பெயர்ப் பலகையில் தன் பெயர் ஒருமுறையாவது ஏற வேண்டுமாம்.

அன்று பப்பில் போட்டிக்குப் புதிதாகச் சேர்ந்தவள் ஐனோ. பின்லாந்திலிருந்து மாட்டு வைத்தியம் பார்க்க வந்தவள். கோலுக்கு நான்கு கம்பம் நட்டு ஆடும் எங்கள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, "எதுக்கு இத்தனை கம்பம்?" என்று கேட்டவள். கிளைவ் அவள் காதில் ஓதி முடித்தான். அவளுக்கு எங்கள் வழக்கம் எங்கே தெரியும்?

"நொலீன், எனக்கு நீல அணி ஜெயிக்கும்னு பந்து சொல்லிச்சு. உனக்கு?"

மெர்வ் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"எனக்கு... சிவப்புன்னுதானே சொன்னான்!" என்றாள் நொலீன்.

"பந்துக்கு வாய் ஒண்ணுதானே?" ஐனோ நாற்காலியில் ஏறி நின்றாள். "எல்லாரும் ஒரே நேரத்துல சொல்லுங்க பாப்போம். ஒண்ணு, ரெண்டு..."

"வேணாம்! பந்து ஊமையாயிடும்!" என்று கத்தினான் கிளைவ்.

"மூணு!"

பாதிக் கடை "சிவப்பு!" என்றது. மீதிக் கடை "நீலம்!" என்றது. மெர்வ் மட்டும் தனியாக "டிரா!" என்று அலறினார்.

"அடப்பாவி, எப்படியும் பாதிப் பேருக்குப் பலிச்சிருமேடா!" நொலீன் சாவியைப் பிடுங்கிக்கொண்டு சிரித்த சிரிப்பில் அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. மகானும் பந்தும் ஒரே வாசல் வழியாக வெளியேறினார்கள். பந்தையாவது காலால் உதைத்தோம், அவன் தானாகவே ஓடினான்.

சிரிப்பு அடங்கியதும் கூட்டம் ஐனோவைச் சூழ்ந்துகொண்டது. மெர்வ் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பயபக்தியோடு கேட்டார்: "நீ கெட்டிக்காரிம்மா. நீயே சொல்லிரு. யாரு ஜெயிப்பாங்க?"

"எனக்கு ஆட்டமே தெரியாதுங்க! பொறந்ததுலேர்ந்து பாக்குறவங்க நீங்க. என்னைப் போய்க் கேக்குறீங்களே!"

நொலீன் ஒருத்திதான் யாரையும் கேட்காமல், கொஞ்ச நேரம் யோசித்து, தன் கணிப்பைத் தானே எழுதிப் போட்டாள். எந்த ஆட்டக்காரனுக்கு எந்த முழங்காலில் வலி என்பதுவரை எங்களுக்குத் தெரியும். அதை வைத்து யோசிக்க மட்டும் வேறு ஆள் தேடுகிறோம். ஐயா, அடுத்தவன் ஓதுவதற்குக் காதை நீட்டும்முன் கொஞ்சம் மேலே தடவிப் பாருங்கள். அங்கே உங்கள் தலை இன்னும் பத்திரமாகத்தான் இருக்கிறது, உபயோகிக்காமல்!