பூட்டிய அவையும் ‘ஸ்டே’ போட்ட வழக்கும்

ஆண்டவனே மழையை நிறுத்தினாலும், “நிறுத்த உனக்கு யார் அதிகாரம் குடுத்தது?” என்று வழக்குப் போடக்கூடிய ஆள் தஞ்சை ஜில்லாவில் ஒருவன்தான் இருந்தான். அவன் என் அறையில் இருந்தது என் கஷ்டகாலம்.

நாகப்பட்டினத்துக் குடைக்கடை பாய் வீட்டுப் பிள்ளை. எதற்கெடுத்தாலும் “கோர்ட்டுல தடை, ஸ்டே வாங்கிடுவேன்” என்பான். கும்பகோணத்தில் எங்கள் விடுதி முழுக்க அவனுக்கு ‘ஸ்டே’ என்றே பெயர். கண்டக்டர் விசில் ஊதினால் ஸ்டே. முடிவெட்டுகிறவர் கிருதாவில் கை வைத்தால் ஸ்டே. பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டருக்கே ஸ்டே சொல்லி, ஆடுகிற பல்லோடு திரும்பி வந்தான்.

இத்தனைக்கும் அவன் படித்தது தாவரவியல். வக்கீலாக வேண்டும் என்று அரசியல் படித்தவன் நான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசலை மிதித்தவனும் நான். ஒரு விடுமுறைக்கு அவனை ஊருக்கு அழைத்துப் போனேன். குத்தகை வயல் பற்றிய சந்தேகத்தை அப்பா என்னைத் தாண்டிப் போய் அவனிடம் கேட்டார். “வக்கீல் தம்பி, நீங்க என்ன சொல்றீங்க?” அம்மா அவனுக்கு மட்டும் இரண்டாவது முட்டை வைத்தாள். அன்றைக்கு என் வயிறு எரிந்ததற்குக் குழம்பின் காரம் காரணமில்லை.

எங்கள் விடுதியில் ஒரு நாடாளுமன்றம் உண்டு. வார்டன் ஆரம்பித்து வைத்தது. உணவுச் செயலாளர்தான் பிரதமர். அவையில் பாதிக்கு மேல் எதிர்த்து ஓட்டுப் போட்டால் பதவி காலி. தகராறு வந்தால் தீர்க்க ஒரு நீதிபதி. அது நான். என்னை எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பெருமையாக விசாரித்தேன்.

“வழக்கே வராதுடா. யாரா இருந்தா என்ன?” என்றார்கள்.

வந்தது.

அறுவடைக் காலத்தில் எங்களில் பலர் சனி, ஞாயிறு ஊருக்குப் போய் அரிவாள் பிடித்துவிட்டு, திங்கள் காலை பஸ்ஸில் திரும்புவோம். வருவதற்குள் இட்லி தீர்ந்திருக்கும். வெறும் வயிற்றோடு வகுப்பு. ஒருவன் பரீட்சையில் மயங்கியே விழுந்தான். எங்களுக்கு இட்லி எடுத்து வைக்க வேண்டும் என்று ஸ்டே அவையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தான். பிரதமர் மறுத்தான். மன்னார்குடிப் பக்கம் பெரிய நிலக்காரர் வீட்டுப் பிள்ளை அவன். விடுதியில் ‘பண்ணை’ என்போம். கூலித் தகராறில் அவர்கள் வயலில் அறுப்பு நின்றுபோயிருந்த வருஷம் அது.

“அங்க கூலிய ஏத்துங்கறீங்க, இங்க இட்லிய எடுத்து வைங்கறீங்க. நல்லா இருக்குய்யா!” என்றான்.

ஸ்டே அறை அறையாக ஏறி இறங்கி நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு ஆள் சேர்த்தான். ஓட்டெடுப்பு அன்று போனால், கூடத்தில் பூட்டு. கதவில் ஒரு தாள்: ‘அவை காலவரையின்றி முடக்கப்படுகிறது – பிரதமர்.’

விசாரணை கிணற்றடியில் நடந்தது. நான் கவிழ்த்த அண்டாமேல் உட்கார்ந்தேன்.

“அவையை எப்பக் கூட்டணும், எப்ப மூடணும்கறது பிரதமர் வேலை. கோர்ட்டுக்கு இதுல என்ன வேலை?” என்றான் பண்ணை. என் பாடப்புத்தகமும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னது. ஸ்டே தோற்கப் போகிறான் என்பது, சொல்வதற்கென்ன, கொஞ்சம் இனித்தது.

ஸ்டே கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தான்.

“கனம் நீதிபதி அவர்களே! மதகுச் சாவி தலைமடைக்காரன் கையில இருக்கு. திறக்கறதும் அடைக்கறதும் அவன் பாடு. ஆனா கடைமடைக்காரனோட முறை வர்ற அன்னிக்குப் பார்த்து அடைச்சா? ‘சாவி எங்கிட்ட இருக்கு, எவனும் கேக்காதே’ன்னா ஊரு விட்டுடுமா? ஏன் அடைச்சேன்னு கேக்கத்தானே பொதுவா ஒரு ஆளை வச்சிருக்கு?”

கிணற்றடியே கைதட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடைக்கடையில் பிறந்தவனுக்கு மதகு எப்படித் தெரியும்? கடைமடையில் பிறந்தவன் நானல்லவா?

“எங்கேருந்துடா புடிச்ச இதை?” என்றேன், நீதிபதி என்பதை மறந்து.

“உங்கப்பாதாண்டா சொன்னாரு. வரப்புல நடந்துக்கிட்டே.”

என்னிடம் அப்பா வரப்பில் வைத்துச் சொன்னதெல்லாம், “புஸ்தகத்தைப் பாரு, சேத்துல எறங்காதே” என்பது மட்டும்தான்.

அந்த எரிச்சலுக்கே வழக்கைத் தள்ளுபடி செய்திருக்கலாம். ஆனால் வாதம் அப்பாவுடையதாயிற்றே! அண்டாமேல் நிமிர்ந்து உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னேன்: “அவையை எப்போது கூட்டுவது என்பது அரசின் பாடு. அதில் நீதிமன்றம் நுழையாது. ஆனால் தன்னைக் கேள்வி கேட்கிற நாளாகப் பார்த்து அரசு அவையைப் பூட்டினால், அதற்குப் பெயர் ஒத்திவைப்பு இல்லை, வாயைப் பொத்துவது. பூட்டு செல்லாது.”

எனக்கே சிலிர்த்தது. கைதட்டலுக்குக் காத்திருந்தேன். கூட்டம் ஸ்டேயைத் தோளில் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடியது. சமையல்காரர் மட்டும் என்னிடம் வந்தார்.

“தம்பி, செத்த எந்திரிங்க. அண்டா வேணும், சாம்பார் வைக்கணும்.”

ஓட்டெடுப்பில் பண்ணை தோற்றான். அடுத்த பிரதமர் யாரென்று கேட்கவே வேண்டாம்.

அடுத்த திங்கள், உள்ளங்கையெல்லாம் கொப்புளத்தோடு பஸ்ஸிலிருந்து இறங்கினேன். வழக்கத்தைவிடத் தாமதம். உணவுக்கூடத்தில் மூடி வைத்த ஒரு தட்டுக்குக் காவலாகப் புதுப் பிரதமர் உட்கார்ந்திருந்தான். திறந்தால் நாலு இட்லி.

“ஊருக்குப் போனவங்க எல்லாருக்கும் வந்துச்சா?”

“வந்துச்சு. ஒரு ஆளுக்குத்தான் இல்ல.”

“யாருக்கு?”

“பிரதமருக்கு. சாப்புடுறா, ஆறிடும்.”

இதிலும் இவன் என்னை ஜெயித்துவிடக் கூடாது என்று இரண்டை அவன் பக்கம் தள்ளினேன். வயிற்றெரிச்சல் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் அவன் முதல் வாய் விழுங்கும்வரை எனக்கு இட்லியில் கை வைக்கத் தோன்றவில்லை.