பழுதே வராத கணினிக் கூடம்

2024ஆம் ஆண்டு தை மாதம் 17ஆம் திகதி, ஊர்காவற்றுறையில் உள்ள தீவகப் பல்கலைக்கழக வளாகத்தின் நூலகத்துக்குப் பன்னிரண்டு புதிய கணினிகள் வந்து இறங்கின.

கணினிப் பராமரிப்பைப் பற்றி உலகில் இதுவரை எழுதப்பட்ட வழிகாட்டிகள் எல்லாவற்றையும் அன்றே கட்டிக் கடலில் போட்டிருக்கலாம். கணினி ஏன் பழுதாகிறது என்ற கேள்விக்குப் பெரிய பெரிய நாடுகள் விடை தேடிக் களைத்துப்போயிருக்க, விடை தீவகத்தில் கிடைத்துவிட்டது. காரணம் வைரஸ் அல்ல. உப்புக்காற்றும் அல்ல, மின்வெட்டும் அல்ல. கணினியைப் பயன்படுத்தும் பாவனையாளர்தான் காரணம். பாவனையாளரை அகற்றினால் பழுதும் அகன்றுவிடும்.

இந்த உண்மையை நடைமுறையில் நிரூபித்தவர் நூலகத்தின் தொழில்நுட்ப உதவி அலுவலர் கீர்த்திகன். ஆவணியில், பத்திரிகைக்குச் செய்தி எடுக்கப் போன என்னை அவர் கதிரையில் இருத்தி, மாதாந்த அறிக்கைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"பாருங்கோ அண்ணை. முறைப்பாடு: இல்லை. திருத்த வேலை: இல்லை. செலவு: சில்வெஸ்ரர் அண்ணைக்குத் தூசு துடைக்கிற துணி. இலங்கையில வேற எந்தப் பல்கலைக்கழகம் இப்பிடிக் காட்டும்?"

பணியாளருக்கான உதவிச் சேவையும் அவர் பொறுப்பிலேயே இருந்தது. தன் கணினி அடிக்கடி நின்றுவிடுகிறது என்று ஒரு விரிவுரையாளர் வந்தபோது, கீர்த்திகன் அதை மூடிவைக்கும்படி ஒரு பொலித்தீன் உறையைக் கொடுத்தனுப்பினார். அதன்பின் அந்த விரிவுரையாளரிடமிருந்து முறைப்பாடு வரவில்லை.

கணினிகள் வந்த வரலாற்றைச் சொல்ல வேண்டும். புளியங்கூடலைச் சேர்ந்த அமரர் தம்பு குருநாகலில் கடை வைத்திருந்தவர். அவருடைய மகன் ரஜீபன் ரொறன்ரோவில் இருக்கிறார். தகப்பனின் நினைவாக அவர் அனுப்பியவைதான் இந்தப் பன்னிரண்டும். கூடத்தின் வாசலில் சிவப்பு றிபன் கட்டப்பட்டது. "திறந்து வைத்தவர்: திரு. தம்பு ரஜீபன்" என்று பளிங்குக் கல்லில் வெட்டிப் பதித்தும் ஆயிற்று. ஆகவே கல்லின் கணக்கில் கூடம் திறந்தாகிவிட்டது. திறப்பவர் வருவது ஒன்றே பாக்கி. தையில் அவருக்கு விடுமுறை கிடைக்கவில்லை. சித்திரையில் விமான ரிக்கற் விலை ஏறியிருந்தது. கடைசியில், ஊர்க் கோயில் திருவிழாவோடு ஆவணியில் வருவதென்று முடிவாகியிருந்தது.

அதுவரை கணினிகள் ஒவ்வொன்றும் பொலித்தீன் உறைக்குள், உறைக்கு மேல் ஒரு பூப்போட்ட துணிக்குள் வீற்றிருந்தன. சரஸ்வதி பூசை நடக்கும் வாணி விழாவுக்கு முற்பணமாக அவற்றுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். நூலக உதவியாளர் சில்வெஸ்ரர், தன் பங்குக்கு, நடுக் கணினியில் அந்தோனியார் படம் ஒன்றை ஒட்டியிருந்தார். இரு சமயங்களின் பாதுகாப்பையும் தாண்டி எந்த வைரஸும் உள்ளே வராது. சில்வெஸ்ரர் தினமும் றிபனுக்குக் கீழால் குனிந்து உள்ளே போய்த் துடைத்துவிட்டு வருவார். துடைப்பது "பாவனை" ஆகாது என்று நூலகக் குழு தீர்மானம் நிறைவேற்றியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா என்றிருக்க, நான் போயிருந்த வியாழக்கிழமை இந்த நிர்வாகச் சாதனைக்கு ஒரு சோதனை வந்தது. அன்ரனிட்டா என்ற இறுதி ஆண்டு மாணவி, கையில் ஒரு பென்ட்ரைவோடு நூலகர் கஜனியின் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மிஸ், என்ர ஆய்வேட்டை நாளைக்கு நாலு மணிக்குள்ள ஏத்தவேணும்."

"மாணவர் கணினியில ஏத்தும்."

"அது போன கிழமை செத்துப்போச்சு மிஸ்."

"சாகேல்லை," என்று கீர்த்திகன் திருத்தினார். "அது சேவையிலிருந்து ஓய்வு பெற்றது."

ஆய்வேடுகளை நூலகத்து மாணவர் கணினியிலிருந்து மட்டுமே பதிவேற்றலாம் என்பது பரீட்சைப் பிரிவின் விதி. வேறு கணினியை அந்தத் தளம் ஏற்காது. ஓய்வு பெற்ற அந்தப் பழைய கணினியை விட்டால், மாணவர் கணினிகளாகப் பதிவாகியிருந்தவை றிபனுக்கு அப்பால் இருந்த பன்னிரண்டும்தான்.

அன்ரனிட்டா தகப்பன் அருளப்புவின் வள்ளத்தில் இரண்டு வருடம் கூடவே போய், பிடிபடும் நண்டுகளை அளந்து எழுதியிருந்தாள். கடலுணவு ஆய்வுகூடம் ஒன்று அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. ஐப்பசியில் பட்டத்தோடு வரவேண்டும் என்பதே நிபந்தனை.

உடனடியாக "அவசரக் கூட்டம்" கூடியது. நூலகர், கீர்த்திகன், கூடத்தின் திறப்புக் கொத்தை வைத்திருப்பவர் என்ற முறையில் சில்வெஸ்ரர். நான் பார்வையாளர்.

"றிபனை வெட்டத் தேவையில்லை மிஸ்," என்றாள் அன்ரனிட்டா. "சில்வெஸ்ரர் அண்ணை மாதிரிக் குனிஞ்சு போறன்."

"அவர் துடைக்கப் போறவர். நீர் பாவிக்கப் போறீர்," என்றார் நூலகர்.

"அப்ப நானும் துடைச்சுப்போட்டு வாறன்."

"பிள்ளை, என்ர வேலையில கை வைக்காதை," என்றார் சில்வெஸ்ரர்.

கொடையாளரையே கேட்பதென்று தீர்மானமானது. மாலை நாலரைக்கு ரொறன்ரோவில் விடிந்திருக்கும். அழைப்பு எடுத்தபோது ரஜீபன் காரோட்டிக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். நூலகர் ஒலிபெருக்கியைப் போட்டார்.

"அக்கா, உதுக்கேன் என்னட்டைக் கேக்கிறியள்? பிள்ளை பாவிக்கட்டும். எல்லாரும் பாவிக்கட்டும். பாவிக்கத்தானே அனுப்பினனான்."

அழைப்பு முடிந்தது. அன்ரனிட்டா எழுந்தாள்.

"எங்க போறீர்?" என்றார் நூலகர்.

"உள்ளுக்கு மிஸ். அவர் ஓம் எண்டிட்டார்தானே."

"இரும். அவர் மரியாதைக்குச் சொல்லுறார். கலியாணப் பந்தியில ஒராள் 'எனக்குப் போதும், மற்றவைக்குப் போடுங்கோ' எண்டு கையை மறிச்சா நாங்கள் போடாமல் விடுறமோ?"

"அவர் கையை மறிக்கேல்லை மிஸ். காரெல்லோ ஓடினவர்."

"குரலில ஒரு கவலை கிடந்தது," என்றார் கீர்த்திகன்.

"ஓம். பின்னால ஆரோ ஹோனும் அடிச்சவங்கள்," என்றார் சில்வெஸ்ரர்.

பண்பாடு அறிந்தவர்கள் ஒருவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. நூலகர் ரஜீபனுக்கு ஒரு செய்தி அனுப்பினார்: "தங்கள் பெருந்தன்மைக்குத் தலைவணங்குகிறோம். தங்கள் திருக்கரங்களால் திறக்கப்படும்வரை காத்திருப்போம்." சிறிது நேரத்தில் பதில் வந்தது: "தயவுசெய்து பிள்ளையைப் பாவிக்க விடுங்கோ."

நூலகர் அதை இரண்டு தரம் வாசித்தார். முகம் வெளிறிவிட்டது.

"'தயவுசெய்து' எண்டு எழுதியிருக்கிறார். எங்களிட்டை இவர் எப்ப தயவு கேட்டவர்? சரியா நொந்துபோனார்."

"கோவம்தான்," என்றார் கீர்த்திகன். "இனி பிறின்ரர் வாங்கித் தரமாட்டார்."

கூட்டம் ஏகமனதாகக் கலைந்தது.

வெள்ளிக்கிழமை காலை அன்ரனிட்டா பரீட்சைப் பிரிவுக்குப் போய்விட்டு வந்தாள். அங்கே மனிதாபிமானத்துக்குக் குறைவில்லை. நூலகத்துக் கணினிகள் பழுது என்று தொழில்நுட்ப அலுவலர் ஒரு வரி எழுதித் தந்தால் ஒரு வாரம் நீடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"ஒரு வரிதான் அண்ணை," என்றாள்.

கீர்த்திகன் உண்மையிலேயே துயரப்பட்டார். "பன்னிரண்டும் நல்லா இருக்கு தங்கச்சி. நான் எப்பிடிப் பொய் எழுதுறது?"

"பழைய கணினி பழுதுதானே. அதை எழுதுங்கோ."

"அதைப் பதிவிலயிருந்து கழிச்சாச்சு. இல்லாத கணினி எப்பிடிப் பழுதாகும்?"

அரச சேவையில் நேர்மை அருகிவிட்டதாகப் புலம்புகிறவர்கள் அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

மூன்றரை மணிக்குச் சில்வெஸ்ரர் கூடத்தின் கதவைத் திறந்தார். "ரீ குடிக்கப் போறன். கதவைப் பூட்ட மறந்துபோனன்," என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார். அன்ரனிட்டா றிபனுக்குக் கீழால் போனாள். துணியை எடுத்தாள், உறையைக் கழற்றினாள், கணினியைப் போட்டாள். ஏழு மாதம் உறங்கிய கணினி ஒரு குறையுமின்றி எழுந்தது. பராமரிப்பின் தரம் அப்படி. எழுந்து கடவுச்சொல் கேட்டது.

சத்தம் கேட்டு ஓடிவந்த கீர்த்திகன் வாசலில் நின்றார். றிபனைத் தாண்டவில்லை.

"அண்ணை, கடவுச்சொல் என்ன?"

"அது கடித உறையில போட்டு ஒட்டிக் கிடக்கு. ஞாயிற்றுக்கிழமை மேடையில அவர்தான் உடைப்பார்."

"நீங்கள்தானே போட்டனீங்கள்."

"போட்டனான். ஆனா எனக்கும் தெரியக்கூடாது எண்டு தீர்மானம்."

"தீர்மானம் கிடக்கட்டும். தெரியுமோ, தெரியாதோ?"

கீர்த்திகன் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். நூலகர் வந்தார். அன்ரனிட்டா கதிரையை விட்டு எழும்பவில்லை. நாலு மணியானதும் அவள் தானே எழுந்து, உறையைத் திரும்பப் போட்டு, துணியைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தாள்.

"சந்தனம் அழியேல்லை மிஸ்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விழா சிறப்பாக நடந்தது. ரஜீபன் வேட்டியைக் கையில் பிடித்தபடி வந்தார். வெல்வெட் தட்டிலிருந்த கத்தரிக்கோலை எடுக்குமுன், "அந்தப் பிள்ளை அலுவலை முடிச்சிட்டுதோ அக்கா?" என்று கேட்டார்.

"உங்களுக்காகக் காத்துக்கொண்டு இருந்தவ," என்றார் நூலகர்.

"எனக்காகவோ? நான்தானே விடச் சொன்னனான்."

"நீங்கள் அப்பிடித்தான் சொல்லுவியள்," என்று நூலகர் அன்போடு சிரித்தார். கூட்டம் கைதட்டியது.

விருந்தினர் இரண்டு நாட்களாகக் கூடத்தைப் பார்த்துப் போனார்கள். தேர்த்திருவிழா முடிந்து புதன்கிழமை ரஜீபன் விமானம் ஏறினார். வியாழன் காலை கணினிகளுக்கு உறை போடப்பட்டது. அடுத்த முறை அவர் வரும்போது புதிதாகவே இருக்க வேண்டும் என்பது குழுவின் தீர்மானம்.

நாலு மணிக்குள் வந்து சேராத அன்ரனிட்டாவின் ஆய்வேட்டைப் பரீட்சைப் பிரிவு ஏற்க மறுத்தது. நூலகத்தில் பன்னிரண்டு கணினிகள் நல்ல நிலையில் இருந்தும் மாணவி அவற்றைப் பயன்படுத்தத் தவறியதே காரணம் என்று அறிவித்தது. ஆய்வுகூட வேலை வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டது.